நடராஜர் காதில் இருப்பது உடைந்த தோடு அல்ல

சுசீந்திரம் மார்கழித் திருவிழாப் படங்களின் கீழே, ‘ஐம்பொன் நடராஜருக்கு இரண்டு காதிலும் வேறு வேறு அணி இருப்பது வார்ப்புப் பிழை, ஒன்று உடைந்து மாற்றியது’ என்று ஒரு பதிவு சுற்றுகிறது. அன்புடன் ஒரு திருத்தம்: அது வேண்டுமென்றே செய்வது. வலக்காதில் மகர குண்டலம் (மகரம் என்ற மீன் போன்ற உயிரின் வடிவில் ஆண்கள் அணியும் காதணி), இடக்காதில் பெண்கள் அணியும் வட்டத் தோடு. இடப்பாகம் உமைக்குரியது என்பதன் அடையாளம் இது. சம்பந்தரின் முதல் பதிகமே ‘தோடுடைய செவியன்’ என்றுதான் தொடங்குகிறது.

காதணியையும் மெழுகு உருவிலேயே (உலோகம் வார்க்கும் முன் செய்யும் மாதிரி) வடித்து, சிலையோடு சேர்த்து வார்ப்பார்கள். உலோகம் ஓடாமல் நின்றால் அங்கே குழியோ மொட்டையான முனையோ இருக்கும். விளிம்பு சீரான வட்டம் வராது.

பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். சிலையின் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம். செல்போன் படம் இடவலம் புரண்டும் வரும் (பாதிக் குழப்பம் இதனால்தான்). உடுக்கை நமக்கு இடப்பக்கமும் தீ வலப்பக்கமும் இருந்தால் படம் சரி. பிறகு தீ இருக்கும் பக்கத்துக் காதைப் பெரிதாக்கிப் பாருங்கள். வீதி உலாப் படம் வேண்டாம், பூமாலையால் காது மறைந்துவிடும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராஜர் படத்தில் அலங்காரம் இல்லாமல் பார்க்கலாம்.