வேற்றுமை மட்டுமே காரணம் அன்று

பண்பாடு வேறுபடுவதாலேயே மக்களிடையே மோதல் பிறக்கிறது என்று அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரை சொல்லும் கருத்தை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த என்னால் ஏற்க முடியவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஓசூரில், பூக்கார அம்மா ஒருவர் ஒரு முழம் மல்லிகையை அளந்து முடிப்பதற்குள் மூன்று மொழிகளில் விலை சொல்லிவிடுவார். அதனால் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் காவிரி நீரைத் திறந்துவிட உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட 2016 செப்டம்பரில், பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிக்கப்பட்டன. பேருந்துகள் நின்றுபோனதால், குழந்தைகளைத் தோளில் சுமந்தபடி கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியிலிருந்து தமிழ்நாட்டு எல்லையிலுள்ள ஜூஜூவாடி வரை நடந்தே வந்தவர்களை நான் கண்ணாரக் கண்டேன். 1991 டிசம்பரிலும், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டியே பெங்களூரில் வன்முறை வெடித்தது. இரு முறையும் பிணக்கு தண்ணீருக்கானது. யாரை அடிப்பது என்று அடையாளம் காட்டத்தான் மொழி பயன்பட்டது.

இன்னொன்றையும் வேதனையோடு சொல்ல வேண்டும். ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகளைக் கொளுத்தியவர்கள் வேற்று மொழியினர் அல்லர். வீடிழந்தவர்கள் பேசிய அதே தமிழைப் பேசிய பக்கத்து ஊர்க்காரர்கள்தாம். கட்டுரையாளர் இதற்கு எந்தப் பண்பாட்டு வேற்றுமையைக் காரணமாகக் காட்டுவார்?