"நாங்கள் முறைப்படி வந்தவர்கள்"

வேறொரு நாட்டில் குடியேறி, வேலை, வீடு, குடியுரிமை என்று காலூன்றிவிட்ட பலரிடம், புதிதாக வருகிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும்: "நாங்கள் முறைப்படி விண்ணப்பித்து, வரிசையில் நின்று வந்தவர்கள், இவர்கள் அப்படியா?" நானும் வயது, படிப்பு போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் தேறி, கேட்ட சான்றிதழ்களையெல்லாம் கொடுத்து வந்தவன்தான். ஆனாலும் இந்தப் பெருமையில் எனக்கு உடன்பாடில்லை. நாம் வந்த ஆண்டில் இருந்த சட்டம் நமக்குச் சாதகமாக இருந்தது என்பதைத் தாண்டி, அதில் நம் ஒழுக்கத்துக்குப் பெரிய பங்கு எதுவும் இல்லை.

நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் எல்லிஸ் தீவின் வழியாக 1892 முதல் 1954 வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். முதல் உலகப் போருக்கு முன் அங்கே வந்திறங்கிய ஐரோப்பியர்களிடம் யாரும் விசா கேட்கவில்லை. கப்பலின் கீழ்த்தளத்தில் நெருக்கியடித்து வந்தவர்களை மாடிப்படி ஏறச் சொல்லிவிட்டு மருத்துவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள். மூச்சு வாங்குகிறவர், கால் சாய்த்து நடக்கிறவர் என்று ஐயத்துக்குரியவர்களின் மேலங்கியில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்தைக் கிறுக்குவார்கள். காலணிப் பொத்தான் மாட்டும் கொக்கியால் கண்ணிமையைப் புரட்டி நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். (முதல் வகுப்பில் வந்தவர்களுக்கு இந்தப் படியேற்றம் கிடையாது, கப்பலிலேயே பார்வையிட்டு அனுப்பிவிடுவார்கள்.) பெரும்பாலோர் சில மணி நேரத்தில் வெளியே வந்தார்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள்.

அதே நாட்டின் மேற்குக் கரையில் கதை வேறு. 1882இல் இயற்றப்பட்ட சட்டம் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்தது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை அடுத்து மூண்ட தீயில் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோக, அங்கே வாழ்ந்த சீனர்கள் பலர் தாங்கள் அங்கேயே பிறந்த குடிமக்கள் என்று பதிவுசெய்து, காகிதத்தில் மட்டும் மகன்களாக இருந்தவர்களை வரவழைத்தார்கள். அவர்களைப் பிடிக்க சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவில், 1910 முதல் 1940 வரை, வாரக்கணக்கில் விசாரணை நடந்தது. உங்கள் வீட்டுக்கு எத்தனை படிகள், கிணறு எந்தத் திசையில் இருக்கிறது, பக்கத்து வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, உறவினர் தனியாகச் சொன்ன பதிலோடு ஒப்பிடுவார்கள். உண்மையான மகனே மறந்து தவறாகச் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. காத்திருந்தவர்கள் மரச்சுவர்களில் செதுக்கிவைத்த கவிதைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

ஆஸ்திரேலியா 1901இல் கொண்டுவந்த சொல்வதெழுதுதல் தேர்வு இன்னும் தந்திரமானது. அதிகாரி விரும்பிய ஏதாவதோர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் கொண்ட பத்தியை வாசிப்பார், வந்தவர் அதைக் கேட்டு எழுத வேண்டும், தவறினால் அனுமதி இல்லை. வேண்டாதவருக்கு அவர் அறியாத மொழி. பல மொழிகள் அறிந்த எழுத்தாளர் எகோன் கிஷ் 1934இல் வந்தபோது ஸ்காட்லாந்தின் பழைய மொழியான ஸ்காட்டிஷ் கேலிக்கில் வாசித்தார்கள்! கனடாவோ, பிறந்த நாட்டிலிருந்து இடைநிறுத்தமின்றி வந்தால்தான் அனுமதி என்று 1908இல் விதி செய்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேரே வருவதற்குப் பயணச்சீட்டே கிடைக்காத நிலையில் அந்த விதி யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதில் மர்மம் இல்லை. 1914இல் 376 இந்தியப் பயணிகளோடு வான்கூவர் வந்த கோமகாட்டா மாரு கப்பல் இரண்டு மாதம் துறைமுகத்தில் நின்றுவிட்டு, மிகச் சிலரைத் தவிர மற்ற அனைவரோடும் திரும்பிப் போனது.

என் அனுபவத்துக்கு வருகிறேன். கடந்த பத்து ஆண்டுகளில் வசித்த முகவரிகள் அனைத்தையும் ஒரு மாதம்கூட இடைவெளி விடாமல் எழுதச் சொல்லும் அந்தப் படிவத்துக்காக, பழைய வாடகை ரசீதுகளைத் தரையில் பரப்பிவைத்து இரவெல்லாம் தேடியதை மறக்க முடியாது. வயதுக்கான புள்ளி குறையும் எல்லையைத் தொட எனக்குச் சில மாதங்களே மீதமிருந்தன. என்னோடு வேலை பார்த்த நண்பர் என்னைவிடத் திறமைசாலி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர் கோப்பு பரிசீலனைக்கு வருவதற்குள் தேவைப்படும் புள்ளிகளை உயர்த்திவிட்டார்கள். அவருக்கு இடமில்லை, எனக்கு இருந்தது. விமான நிலையத்தில் மடியில் வைத்துக் காத்துவந்த கோப்பை நீட்டியபோது, அதிகாரி இரண்டு தாள்களைப் புரட்டிவிட்டு, "இன்றிரவு எங்கே தங்குகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டு முத்திரை குத்தினார். அந்த முத்திரை என் தகுதிக்குக் கிடைத்த பரிசு என்று சொல்லிக்கொண்டால், நண்பருக்குக் கிடைக்காததற்கு என்ன காரணம் சொல்வேன்?

ஒரு நாடு தன் எல்லைக்கு விதி வகுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரிசை என்ற ஒன்றே இல்லாதவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது: உயிருக்கு ஆபத்துள்ள இடத்திலிருந்து நேரே தப்பி வந்து, தாமதமின்றி அதிகாரிகள் முன் தம் நிலையைச் சொல்லும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகிறது.

முறைப்படி வந்ததும் நிலையான பாதுகாப்பு அல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமையோடு கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டன் சென்றவர்களிலும், பின்னர் அங்கே போய்ச் சேர்ந்த அவர்களுடைய பிள்ளைகளிலும் பலர் ஆயுள் முழுக்க உழைத்து வரி கட்டிய பின், வந்ததற்கு ஆதாரம் காட்டுமாறு அரசு அவர்களிடம் கேட்டது. அவர்கள் வந்திறங்கியபோது பதிந்த அட்டைகளை அரசே 2010இல் அழித்திருந்தது. வேலை போனவர்களும், சிகிச்சை மறுக்கப்பட்டவர்களும், நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு என்பது 2018இல்தான் பெரிதாக வெளிவந்தது.

அதனால் இப்போதெல்லாம் யாராவது அந்த வாக்கியத்தைச் சொன்னால் நான் வாதாடுவதில்லை. உங்கள் அன்றைய வயதையும் படிப்பையும் இன்றைய புள்ளிப் பட்டியலில் போட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். நான் போட்டுப் பார்த்தேன், தேறவில்லை.