கேம் ஆடத் தெரிந்தால் கப்பல் ஓட்டலாமா?

கல்லூரி விழா ஒன்றில் ஒருவர் பேசிய பேச்சை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இனிமே கரையில உட்கார்ந்தே கப்பல் ஓட்டலாம், கேம் ஆடுற பசங்க போதும்" என்றாரே, அதுதான். அரங்கமே கைதட்டியது. இரண்டு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை.

பதினாறு வருடம் கடலில் இருந்தவன் சொல்கிறேன்: கரையிலிருந்து ஓட்டுகிறவருக்குப் பயிற்சி கூடுதலாகத்தான் வேண்டும்.

செகண்ட் மேட் என்ற கப்பல் அதிகாரியாக இருந்தபோது ஒரு நள்ளிரவு வாட்ச், அதாவது கண்காணிப்புப் பணி. வங்காள விரிகுடாவில் அடைமழை. ராடார் முழுக்க மழைத்திட்டு, மற்ற கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியில் ஒன்றுமே இல்லை. வெளியே லுக்-அவுட்டாக, கடலைக் கவனித்தபடி நின்றவர், "சார், யாரோ கத்துற மாதிரி இருக்கு" என்றார். விளக்கில்லாத மீன்பிடிப் படகு, கூப்பிடு தூரத்தில். கண்ணாலும் காதாலும் கவனி என்று 1972 மோதல் தடுப்பு விதிகள் சும்மாவா சொல்கின்றன? கரையில் இருப்பவருக்குக் கேட்கக் கப்பலில் மைக் வைக்கலாம் என்பீர்கள். வையுங்கள். வருவது காற்றா, மனுஷக் குரலா என்று பிரித்தறியக் காது கடலில் பழகியிருக்க வேண்டும்.

கரை நாற்காலியில் இன்னும் கஷ்டம். மூன்று மணி நேரம் ஒன்றுமே நடக்காத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென அலாரம். எந்தக் கப்பல், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு சரக்கு என்று எல்லாம் உடனே மண்டைக்குள் வர வேண்டும். சிக்னல் தாமதமாகும், அறுந்தும் போகும். கப்பல் உருளுவது அவர் உடம்புக்குத் தெரியாது. இதற்கெல்லாம் தனிப் பயிற்சி வேண்டாமா?

நார்வேயில் தானியங்கிக் கப்பல் ஓடுகிறதே என்று கமென்டில் வருவீர்கள். ஓடட்டும், எனக்கும் சந்தோஷம்தான். அந்த நாட்டு அஸ்கோ நிறுவனத்தின் இரண்டு தானியங்கிக் கப்பல்களும் நம் கொச்சியில் கட்டியவை. ஆனால் 120 கன்டெய்னர் ஏற்றும் யாரா பிர்க்லாண்ட் என்ற இன்னொரு நார்வே தானியங்கிக் கப்பல் 2022-இல் வணிக ஓட்டம் தொடங்கியபோதும் மாலுமிகளோடுதான் தொடங்கியது, அதுவும் குறுகிய தூரத்துக்கு. அவர்களுக்கு இருக்கும் பயம் நமக்கு ஏன் இல்லை?

"வேலை போயிடும்னு பயப்படுறீங்க" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நான் கப்பலை விட்டு இறங்கிப் பல வருடம் ஆகிறது தம்பி. பறிபோக எனக்கு வேலையே இல்லை.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் போய்ப் பாலத்தில் மோதியபோது, அதில் மாலுமிகளாக இருந்த நம் இந்தியப் பையன்களை இணையத்தில் எப்படியெல்லாம் கேலி செய்தார்கள்! கடைசியில் விசாரணை சொன்னது, சரியாகப் பொருந்தாத ஒரு ஒயர். அந்த இருட்டில் மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவரப் போராடியவர்கள் அவர்கள்தானே? அவர்களுக்கு யார் கைதட்டினார்கள்?

பக்கத்து வீட்டுப் பையன் நேற்று கேட்டான்: "அண்ணே, கப்பல் வேலைக்குக் கேடட் கோர்ஸ் வேண்டாமா? கேமிங்கே போதுமா?" அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் கேட்கிறான். "சேருடா. முதல்ல கடலுக்குப் போ, வாந்தி எடு, ராத்திரி வாட்ச் நில்லு. அப்புறம் அந்த நாற்காலியில உட்காரு" என்றேன்.