சுஹைல் என்றால் அகத்திய மீன்

வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளி ஆண்டு விழா மேடையில் நடந்ததை வீடியோவில் நிறையப் பேர் பார்த்துவிட்டீர்கள். "சுகைலா? தமிழ்ல பேரே கிடைக்கலையா?" என்று மிஸ் மைக்கில் கேட்டார், அரங்கம் சிரித்தது. மேடையில் நின்ற ஏழு வயதுப் பிள்ளை என் தம்பி மகன் சுஹைல். பரிசுக்காக நீட்டிய கையை அவன் மெதுவாக டவுசர் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டதை எத்தனை பேர் கவனித்தீர்களோ, நான் கவனித்தேன்.

சுஹைல் ஒரு நட்சத்திரம். இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். கனோபஸ் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தமிழில் அகத்திய மீன். பொதிகை மலை முனிவர் பெயரில் நாம் கும்பிட்ட அதே விண்மீனைத்தான் அரபியில் சுஹைல் என்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் விடியற்காலையில் அது தலைகாட்டினால் வளைகுடாவில் வெயில் தணியப் போகிறது என்று கணக்கு. அங்கே வேலை பார்த்த நம் ஊர்க்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

கீழக்கரையில் உம்மாவின் வாப்பா தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். மாசி மாதத்து இரவுகளில் கடற்கரையில் என்னைத் தோளில் உட்கார வைத்து, தெற்கே கைகாட்டி, "அதுதான் சுஹைல் வெள்ளி, அது இருக்கையில தெக்கு தப்பாது" என்பார். அரபு மாலுமிகள் அடிவானத்தை 32 திசையாகப் பிரித்தார்கள். அதில் தென்-தென்கிழக்குக்குப் பெயரே சுஹைல் உதயம். அவர் அதையெல்லாம் படித்தவர் இல்லை, கடலில் கற்றவர்.

"மதத்துக்காக வைத்த பெயர்தானே" என்பீர்கள். நம்பிக்கையோடு பெயர் வைப்பதில் என்ன தப்பு? அது போக, இந்தப் பெயர் இஸ்லாத்துக்கும் முந்தியது. 628இல் மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில், மக்காவின் குறைஷிக் குலத்தார் சார்பில் நபிகளோடு ஒப்பந்தம் பேச வந்தவர் பெயர் சுஹைல் இப்னு அம்ர். அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்காத எதிர்த் தரப்பு. அவர் வருவதைப் பார்த்து, காரியம் இனி எளிதாகும் என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ், அதாவது நபிமொழி, உண்டு. அரபியில் ஸஹ்ல் என்றால் எளிது, மென்மை. அந்தச் சொல்லின் செல்ல வடிவம்தான் சுஹைல்.

உச்சரிப்பது கஷ்டம் என்றால், சரி, ஒத்துக்கொள்கிறேன். 'ஹ' வராவிட்டால் 'சுகைல்' என்றே கூப்பிடுங்கள், எங்கள் வாப்பாவும் அப்படித்தான் கூப்பிடுகிறார். நாக்கு புரளாததில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தச் சிரிப்பில்தான் வருத்தம். மூன்று தலைமுறையாக வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிறோம், அவன் பரிசு வாங்கியதே திருக்குறள் ஒப்புவித்ததற்குத்தான். அவனிடமா தமிழ் கிடைக்கவில்லையா என்று கேட்பது?

அன்று ராத்திரி, "மாமி, ஸ்கூல்ல வேற பேர் சொல்லிக்கட்டுமா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம், "இது மிஸ்ஸுக்குத் தெரியுமா?" என்றான்.

தெரியாது கண்ணா, நாளைக்கு நீ சொல்லு என்றேன்.