1871 அலாஸ்கா பனியில் 1,200 பேர் இறக்கவில்லை

“1871-ல் ஆர்க்டிக் பனியில் 33 திமிங்கில வேட்டைக் கப்பல்கள் சிக்கின, 1,200 பேரும் உறைந்து செத்தார்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தவறு.

அலாஸ்காவின் வடமேற்குக் கரையோரம் கப்பல்கள் சிக்கியது உண்மை. பனி நெருங்குகிறது என்று அங்குள்ள இனுப்பியாட் மக்கள் எச்சரித்தும் கேப்டன்கள் கேட்கவில்லை. செப்டம்பரில் ரோமன், காமெட், அவஷாங்ஸ் ஆகிய கப்பல்களைப் பனி நொறுக்கியது. அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு உறைத்தது. செப்டம்பர் 14 அன்று எல்லோரும் கப்பல்களைக் கைவிட்டு, திமிங்கிலத்தை விரட்டும் சிறு படகுகளில் ஏறி, தெற்கே சுமார் 110 கிலோமீட்டர் போனார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட 1,219 பேர். பனிக்கு வெளியே காத்திருந்த ஏழு கப்பல்கள், தங்கள் சரக்கைக் கடலில் கொட்டி இடம் ஒதுக்கி, அவர்களை ஹொனலூலுவில் சேர்த்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

1876-ல் நடந்த இன்னொரு விபத்தில் பலர் திரும்பவில்லை, இரண்டையும் குழப்பியிருக்கலாம்.

அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா, 1871-ல் சிக்கிய கப்பல்களில் இரண்டின் சிதைவுகளைக் கண்டதாக 2016 ஜனவரியில் அறிவித்தது. அதன் இணையதளத்திலேயே இந்த விவரத்தைச் சரிபார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.