வெட்கம் மட்டும் காரணமில்லை
பதற்ற நோய் உள்ளவர்கள் வெட்கப்பட்டு டாக்டரிடமே போவதில்லை, அதனால்தான் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போகிறார்கள், திரும்பத் திரும்பப் போகிறார்கள், ஆனால் மனசு சரியில்லை என்று சொல்வதில்லை, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, வயிற்றைப் பிசைகிறது என்றுதான் சொல்கிறார்கள். மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அக்காவுக்கு இசிஜி நார்மல், தைராய்டு நார்மல், "ஒன்றுமில்லம்மா, கேஸ்ட்ரிக்தான்" என்று ஒவ்வொரு முறையும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு அரசாங்க கிளினிக்கில் இளம் டாக்டர் ஒருவர் பதற்றம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஜிஏடி-7 படிவத்தை நீட்டினார். கடந்த 2 வாரத்தில் கவலையை அடக்க முடியாமல் போனதா, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயம் வந்ததா என்று 7 கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். நிரப்பும்போதே அக்கா அழுதுவிட்டார். மாத்திரை தொடங்கினால் அடிமையாகிவிடுவோம் என்று மேலே கருத்து எழுதிய அண்ணனுக்கு: உடனடியாகப் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாதிரி மருந்துகளுக்கு அந்தப் பயம் நியாயம்தான், ஆனால் பெரும்பாலும் முதலில் கொடுக்கும் செர்ட்ராலின் வகை (மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து) அப்படியல்ல, பலன் தெரியவே சில வாரம் ஆகும், ஆரம்பத்தில் பதற்றம் கொஞ்சம் கூடவும் செய்யலாம், இதைச் சொல்லாமல் கொடுப்பதால்தான் பலர் பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்துவதென்றாலும் டாக்டரைக் கேட்டு மெல்லத்தான் குறைக்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையிலேயே அந்தப் படிவத்தைத் தமிழிலும் வைக்கலாமே, மலாய்ப் படிவம் என்றால் அக்காவுக்குப் படிக்கத் தெரியும், எங்கள் அம்மாவுக்குத் தெரியாது.