பாரிஸில் ஏறினால் 600 யூரோ, சென்னையில் ஏறினால் ஒரு சாப்பாட்டுக் கூப்பன்

பிள்ளைகள் பிரான்ஸில், பெற்றோர் புதுச்சேரியில் என்று வாழும் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறைப்படி, பாரிஸில் புறப்பட்டு 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சென்னை வந்து சேரும் பயணிக்கு, தவறு விமான நிறுவனத்தின் பக்கம் இருந்தால், 600 யூரோ தர வேண்டும். அது எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் சரி. வளைகுடாவில் விமானம் மாறி வந்தாலும், ஒரே முன்பதிவு என்றால் அந்த உரிமை உண்டு.

என் அத்தை அப்படித்தான் வந்தார். விமானத்தில் கோளாறு, மறுநாள்தான் சென்னையில் இறங்கினார். நிறுவனத்துக்கு எழுதலாம் என்றதற்கு, "வேண்டாம் தம்பி, பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேனே, அது போதும்" என்றார். நான் விடவில்லை. "தொழில்நுட்பக் காரணம், எங்கள் கையில் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு, இழப்பீட்டிலிருந்து நிறுவனத்துக்கு விலக்குத் தரும் 'அசாதாரணச் சூழ்நிலை' ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அதைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். பணம் வந்தது.

இதே அத்தை சென்னையில் ஏறி, ஐரோப்பியர் அல்லாத நிறுவனத்தின் விமானத்தில் பாரிஸ் போயிருந்தால் அந்தச் சட்டம் அவருக்கு உதவாது.

உள்நாட்டில் நிலைமை இன்னும் மோசம். இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்காற்று அமைப்பான டிஜிசிஏ-வின் விதிகளின்படி, இடமில்லை என்று ஏற்ற மறுத்தால் 20,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. அதே பயணியைப் பகலில் எட்டு மணி நேரம் உட்கார வைத்தால் சாப்பாடு மட்டும். விரும்பினால் மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம். தாமதத்துக்கு என்று ஒரு ரூபாய்கூடக் கிடையாது. உரிய நேரத்தில் சொல்லாமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இதில் எது குறைவோ அதைத்தான் தருவார்கள்! கடலூரிலிருந்து மீனம்பாக்கத்துக்குக் கார் வைத்து விடியற்காலையில் போய், வெறுங்கையோடு திரும்புகிறவரின் செலவை இந்தக் கணக்கு கண்டுகொள்வதே இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேலான தாமதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று இங்கேயும் விதி வர வேண்டும். பணம் போகும் என்றால்தான் நிறுவனங்கள் மாற்று விமானத்தையும் கூடுதல் பணியாளர்களையும் தயாராக வைத்திருக்கும். புயலுக்கும் மூடுபனிக்கும் யாரும் இழப்பீடு கேட்கவில்லை. ஆள் பற்றாக்குறையைப் பயணியின் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

அதுவரை கையில் இருப்பதையாவது பயன்படுத்துவோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விமான நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பாரிஸில் புறப்பட்டவர்களுக்கு அங்குள்ள சட்டப்படி ஐந்து ஆண்டுகள். முன்பதிவு எண் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், கடிதத்தை நானே தயாரித்துத் தருகிறேன்.